அடையிருப்பவருடன் உறவு

செண்பா இறந்த பதினோராம் நாள் காலை, அவளுடைய பாதியை எடுத்துப்போக அளவுக்காரர் வந்தார்.

எங்களுடையது தம்பதியர் குடியிருப்பு. ஒருவர் போனால் அவருடைய பாதியை ஒப்படைத்துவிட வேண்டும். பாதிக் கட்டில், பாதிச் சமையலறை, பாதி ஜன்னல். சாவி கொடுக்கும்போதே கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். கீழ்த்தளத்தில் மூன்று பேர் பாதி வீட்டில் இருக்கிறார்கள். அங்கே பால் பாதிதான் பொங்கும்.

அளவுக்காரர் பெயர் வேலாயுதப் பெருமாள். செருப்பை வாசலில் கழற்றினார். துக்கம் விசாரித்தார். பிறகு டேப்பை எடுத்தார்.

"அவங்களுது எந்தப் பக்கம் சார்?"

"சுவர்ப் பக்கம்."

சுவர்ப் பக்கத்தில் வாத்து நின்றுகொண்டிருந்தது.

கூஸ் வாத்து. வெள்ளை. நீளமான கழுத்து. மூன்றாம் நாள் மாடிப்படி ஏறி வந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் இறங்குகிறவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டதாம். துக்க வீடு என்பதால் கதவு திறந்திருந்தது. வந்தது நேராகக் கட்டிலில் ஏறியது. செண்பாவின் தலையணையைக் கிழித்துப் பஞ்சைக் குழியாக்கியது. அவளுடைய சீப்பில் இருந்த முடி, பச்சை ரிப்பன், இரண்டு ஊக்கு, ஒரு பஸ் டிக்கெட், எல்லாவற்றையும் எடுத்துவந்து குழிக்குள் வைத்தது. ஒரு முட்டை இட்டது. பஞ்சால் மூடியது. இறங்கிப் போய்விட்டது.

அதன் பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் வந்தது. ஒரு முட்டை இடும். மூடும். போகும். ஒரு முறைகூட உட்காரவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. அந்த நாட்களில் என் வீட்டுக்கு நிறையப் பேர் வந்து போனார்கள்.

"பறவை இருக்குன்னு காயிதத்துல இல்லையே" என்றார் வேலாயுதப் பெருமாள். "உக்காந்திருக்கா, நிக்குதா?"

"நிக்குது."

"நின்னா ஒண்ணுமில்ல."

மெத்தையின் நடுவில் ஒரு மேடு உண்டு. இந்தப் பக்கம் நான் படுத்துப் படுத்துப் பள்ளம். அந்தப் பக்கம் அவள். மேட்டிலிருந்து சுவர் வரை அளந்தார். மறுபடி அளந்தார்.

"கட்டில் ஆறடி. பாதின்னா மூணடி. இங்க ரெண்டு அங்குலம் குறையுதே. எங்க போச்சு?"

"தெரியல."

"நான் என்னன்னு எழுத?"

அவரே யோசித்து, 'இரண்டு அங்குலம், காணவில்லை' என்று எழுதிக்கொண்டார்.

வாத்து டேப்பைப் பார்த்தது. ஐந்தாவது முட்டையை இட்டது. பிறகு கழுத்தை வளைத்துத் தன் நெஞ்சிலிருந்து மெல்லிய இறகுகளைப் பிடுங்கியது. ஒரு பிடி. இன்னொரு பிடி. குழியைச் சுற்றி அடுக்கியது. அதன் நெஞ்சில் ரோஜா நிறத்தில் தோல் தெரிந்தது. அந்த வெறும் தோலை முட்டைகளின் மேல் வைத்து உட்கார்ந்தது.

டேப் தானாகச் சுருண்டு உள்ளே போனது.

"ஐயையோ. உக்காந்துட்டாங்களே" என்றார்.

"உட்கார்ந்தா?"

"அடையில இருக்கிறவங்க இடத்தை முப்பது நாளைக்கு அசைக்கக் கூடாது சார். இன்னைக்கே போயிப் பதிஞ்சிருங்க. பதியலேன்னா நாளைக்கு வந்து அவங்களோட சேத்துத் தூக்கிருவேன். எனக்கும் வருத்தந்தான்."

வாசலில் செருப்பை மாட்டும்போது வாத்தை நோக்கிக் கும்பிட்டார்.

அடைகாப்புப் பிரிவு எங்கள் தெருவிலேயே இருந்தது. மூன்று வருடமாக அதை ஜவுளிக்கடை என்று நினைத்திருந்தேன்.

உள்ளே நடைக்கூடம். நடக்க நடக்க நீண்டது. நின்றேன். அதுவும் நின்றது. பின்னோக்கி நடந்தேன். கவுண்ட்டர் வந்துவிட்டது.

கவுண்ட்டரில் ஜெபசீலி என்ற அம்மையார் இருந்தார். நான் இருந்த நேரம் முழுவதும் அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. பேனா கீழே விழுந்தபோதுகூட எழவில்லை. அவருக்கு அடியில் என்ன என்று நான் பார்க்கவில்லை.

படிவம் கொடுத்தார். பெயர். வயது. படிப்பு. 'இருக்கிறீரா? ஆம் எனில் சான்று இணைக்க.' மின்கட்டண ரசீதை இணைத்தேன். முட்டைகளின் எண்ணிக்கை, ஐந்து. ஒன்பதாவது கட்டத்தில், 'அடையிருப்பவருடன் உறவு.'

ஆஸ்பத்திரியில் நாற்பத்தொரு படிவம் நிரப்பினேன். நோயாளியுடன் உறவு. ஸ்கேன் எடுக்க, ரத்தம் ஏற்ற, மயக்கம் கொடுக்க, கடைசியாக வண்டியில் ஏற்ற. நாற்பத்தொன்றிலும் ஒரே சொல். கைக்குப் பழகிவிட்டது.

ஜெபசீலி மேடம் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"சார், ஒம்பதாம் எண்ணுல என்ன எழுதியிருக்கீங்க?"

பார்த்தேன். 'கணவர்' என்று இருந்தது.

"இது நீங்க எழுதினதா, கை எழுதினதா?"

"கை."

"கை எழுதினா செல்லும்." முத்திரை குத்தினார்.

"திருத்த முடியாதா மேடம்?"

"தாராளமா. அதுக்கு வேற படிவம்." நீல நிறத்தில் ஒரு தாளை நீட்டினார். "இதுல ஒரே கட்டந்தான். 'யாருமில்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும்."

பேனாவைத் திறந்தேன். நீலத் தாளைப் பார்த்தேன். பேனாவை மூடினேன்.

"இருக்கட்டும்" என்றேன்.

"எல்லாரும் இருக்கட்டும்னுதான் சொல்லுதாங்க. அந்தக் கட்டு பிரிக்காமலே கிடக்கு." ஒரு அடையாள அட்டையைத் தந்தார். என் புகைப்படம். கழுத்து சற்று நீளமாக இருந்தது. கீழே, 'ஆண் வாத்து (தற்காலிகம்).'

"நான் என்ன செய்யணும்?"

"உக்காருறது அவங்க வேலை. காவல் உங்க வேலை. நிக்கணும். படுக்கக் கூடாது. யாரு கிட்ட வந்தாலும் கழுத்தை நீட்டிச் சீறணும். முப்பதாம் நாள் வேலாயுதப் பெருமாள் வருவாரு. குஞ்சு பொரிச்சிருந்தா அந்த இடம் அவங்களுக்கு. முட்டை கெட்டுப்போயிருந்தா எடுத்துருவாரு."

"பொரிச்சிருந்தா வெறுங்கையோட போயிருவாரா?"

"அது எப்படி? வண்டி பிடிச்சு வாராருல்லா. ஏதாவது ஒரு பாதியை ஏத்தித்தான் ஆகணும். எது காலியாக் கிடக்கோ அது."

"எனக்குச் சீறத் தெரியாது மேடம்."

"கல்யாணமாகி எத்தனை வருஷம்?"

"மூணு."

"மூணு வருஷத்துல ஒருக்கா கூடவா?"

"இல்ல."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். படிவத்தின் ஓரத்தில், 'பயிற்சி தேவை' என்று எழுதினார்.

மறுநாள் காலை முதல் ஆளாக பிரமு அக்கா வந்தாள். எதிர்வீடு. அவள் கணவர் ஆவுடையப்பன் சார் போன ஆடி மாதம் தண்ணீர் மோட்டாராக மாறிவிட்டார். காலை ஆறு மணிக்கு அக்கா ஸ்விட்சைப் போடுவாள். முக்கால் மணி நேரம் ஓடுவார். தொட்டி நிறையும். முன்னைக்கு இப்போது எவ்வளவோ தேவலாம் என்பது அக்காவின் கருத்து.

சொதியும் சோறும் கொண்டுவந்திருந்தாள். நான் கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றேன். கழுத்தை நீட்டினேன். பதினோரு நாளாக என் தொண்டையிலிருந்து அவசியமான சொற்கள் மட்டுமே வந்திருந்தன. காற்றுதான் வந்தது.

"என்ன தம்பி, பஞ்சரா?" என்றாள் அக்கா.

மறுபடி முயன்றேன். குக்கர் போல் வந்தது.

"அடுப்பை அணைச்சியா?"

மூன்றாவது முறை அது வயிற்றிலிருந்து கிளம்பியது. எங்கே இருந்தது என்று தெரியவில்லை. நிறைய இருந்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அக்கா மூன்றடி பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்தாள். தூக்குச்சட்டியின் மூடி உருண்டு மாடிப்படியில் இறங்கிப் போனது.

அக்கா சிரிக்கத் தொடங்கினாள்.

"ஏ யப்பா! இன்னொரு தடவ!"

சீறினேன்.

"நானும் ஒண்ணு விடட்டா?"

கேட்டுவிட்டு, தன் வீட்டுப் பக்கம் திரும்பிச் சீறினாள். ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நின்றது. "கேட்டுச்சா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டாள். மோட்டார் தாழ்ந்த குரலில் மறுபடி ஓடத் தொடங்கியது.

அன்று சொதியை இரண்டு முறை ஊற்றிக்கொண்டேன். வாத்து என்னைப் பார்த்தது. பிறகு முட்டைகளை ஒவ்வொன்றாக அலகால் புரட்டியது.

விஷயம் பரவிவிட்டது. மறுநாள் மாடிப்படியில் வரிசை நின்றது. அக்கா டோக்கன் கொடுத்தாள். ஒவ்வொருவராக வாசல் வரை வருவார்கள். நான் சீறுவேன். பின்வாங்குவார்கள். இறங்கும்போது படியில் குதித்து இறங்குவார்கள். கீழ்த்தளத்துப் பாதிவீட்டுக்காரர் ஒருவர் இரண்டாம் முறையும் வரிசையில் வந்து நின்றார்.

"எங்க வீட்டுக்காரி போனப்புறம் என்னைப் பாத்து யாருமே சீறலை சார்" என்றார். "நல்லா இருக்கு. நாளைக்கும் உண்டா?"

"முப்பது நாளும் உண்டு."

"உடம்பு சரியில்லாதவங்களைக் கூட்டிட்டு வரலாமா?"

"வரலாம்."

நான் நின்றபடியே தூங்கப் பழகினேன். முதலில் இரண்டு காலில். பிறகு ஒற்றைக் காலில். என் பக்கத்துப் பள்ளத்தில் நான் படுக்கவில்லை. நிபந்தனை அப்படி.

வாத்து ஒரு நாளைக்கு ஒரு முறைதான் எழுந்தது. மதியம். முட்டைகளை இறகால் மூடிவிட்டு இறங்கும். கிண்ணத்தில் வைத்த கோதுமையைத் தின்னும். பிறகு குளியலறைக்குப் போகும். செண்பா இருந்தபோது குளியலறைக்கு ஒன்பது எட்டு வைத்தால் போதும். இப்போது எண்பது எட்டு. அவள் போன நாளிலிருந்து என் பாதி வீட்டின் நடை இப்படி நீண்டுகொண்டிருந்தது. வாத்து அவசரப்படாமல் போகும். தொட்டியில் முங்கும். சொட்டச் சொட்டத் திரும்பி வரும்.

முதல் நாள் துவாலையோடு போய்த் துவட்டப் பார்த்தேன். என்னைப் பார்த்துச் சீறியது. அந்த ஈரத்தோடுதான் உட்கார வேண்டுமாம். ஓடு காய்ந்துவிடக் கூடாது. தொலைபேசியில் ஜெபசீலி மேடம் சொன்னார். "நீங்க ரொம்ப கவனிக்கீங்க சார். கொஞ்சம் கம்மியாக் கவனிங்க" என்றும் சொன்னார்.

நான்காம் நாள் மதியம் வாத்து குளிக்கப் போயிருந்தது. மின்விசிறி இறகுகளை எல்லாம் பறக்கவிட்டது. ஸ்விட்சை அணைத்தேன். அது நிற்கவில்லை. சுழலுவதும் நிற்பதும் வேறு துறை. ஐந்து முட்டைகளும் வெறுமையாகக் கிடந்தன. ஒன்றைத் தொட்டேன். சூடு இறங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சூடு இறங்குவது எனக்குத் தெரியும். விரலால் தொட்டு அறிந்திருக்கிறேன்.

ஆண் வாத்து அடையில் உட்காராது. பனியனைக் கழற்றினேன். செண்பாவின் பக்கத்தில் படுத்தேன். சுருண்டு, ஐந்தையும் வயிற்றோடு அணைத்துக்கொண்டேன்.

மூன்று வருடத்தில் அந்தப் பக்கம் நான் படுத்ததே இல்லை. அங்கிருந்து பார்த்தால் அறை வேறாக இருந்தது. அலமாரிக்கு மேல் நான் தேடிக்கொண்டிருந்த குடை தெரிந்தது. திரும்பினால் சுவர். மூக்கிலிருந்து ஒரு சாண் தூரம். சுவரில் பென்சிலால் பொடிப்பொடியாக எழுதியிருந்தது. படுத்தால் மட்டுமே தெரியும் உயரத்தில். செண்பாவின் எழுத்து.

'மார்ச் 4. சோத்துக்குள்ள எதுக்கு சாவி வச்ச என்றான். பதில் சொன்னேன். கேட்கவில்லை.'

நான் தூக்கத்தில் பேசுவேன் என்று அவள் அடிக்கடி சொல்வாள். நான் மறுப்பேன். சாட்சி உண்டா என்று கேட்பேன். உண்டு என்பாள். காட்ட மாட்டாள்.

நேரில் என்னை 'என்னங்க' என்பாள். சுவரில் நான் 'அவன்'.

வாத்து ஈரத்தோடு வந்து நின்றது. என்னைப் பார்த்தது. நான் எழுந்து வழிவிட்டேன். அது ஏறி உட்கார்ந்தது. இதைப் பற்றி எங்களுக்குள் எந்தப் பேச்சும் இல்லை. மறுநாளிலிருந்து அது முட்டைகளை மூடாமலே குளிக்கப் போனது.

ஒரு நாளைக்கு ஒரு வரி என்று வைத்துக்கொண்டேன்.

'மார்ச் 19. ரெண்டாவது யானை என்னுது என்றான். சரி என்றேன்.'

'ஏப்ரல் 2. சிரித்தான். காலையில் எதற்கென்று கேட்டேன். தெரியாது என்றான். பொய்.'

'ஏப்ரல் 3. மன்னிக்கணும் சார், இது என் கால் என்றான்.'

நான் படுத்தபடி சிரித்தேன். வயிறு குலுங்கியது. முட்டைகளும் குலுங்கின. சட்டென்று நிறுத்திக்கொண்டேன். பிறகு மெதுவாக, குலுங்காமல் சிரிக்கப் பழகினேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கைவிட்டபோது பென்சில் அகப்பட்டது. அடியில் பல் தடம் இருந்தது.

இருபத்தெட்டாம் நாள் முட்டைகள் பேசத் தொடங்கின. உள்ளிருந்து மெல்லிய குரல். வாத்து தாழ்ந்த குரலில் பதில் சொன்னது. மறுபடி கேள்வி. மறுபடி பதில். நான் சீறுவதை நிறுத்திக் கேட்டேன். படியில் நின்றவர்களும் கேட்டார்கள். அக்கா போய் மோட்டாரை அணைத்துவிட்டு வந்தாள்.

"என்ன பேசிக்கிடுது?" என்று கிசுகிசுத்தாள்.

"தெரியல அக்கா. ஆனா எல்லாத்துக்கும் பதில் சொல்லுது."

முப்பதாம் நாள் விடிந்தபோது நான்கு முட்டைகளில் நட்சத்திரம் போல் விரிசல். எட்டு மணிக்கு முதலாவது வெளியே வந்தது. நனைந்த துணி மாதிரி கிடந்தது. காய்ந்ததும் மஞ்சளாகப் பொங்கியது. பத்தரைக்குள் நான்கு. ஐந்தாவது சும்மா இருந்தது. காதில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

குஞ்சுகளுக்கு இடம் பத்தவில்லை. வாத்து சற்று நகர்ந்தது. அதன் அடியில் இருந்த பஞ்சும் விலகியது. சுவரில், மெத்தையை ஒட்டி, ஒரு வரி. முப்பது நாளும் கூட்டின் விளிம்பு மறைத்திருந்த வரி. நான் ஐந்தாவது முட்டையை அணைத்துப் படுத்தேன். படித்தேன்.

'ஜூன் 11. வாத்து வந்திருக்கு, தள்ளிப் படு என்றான். தள்ளிப் படுத்தேன்.'

ஜூன் பன்னிரண்டு காலையில்தான் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

பதினோரு மணிக்கு வேலாயுதப் பெருமாள் வந்தார். கூடவே இரண்டு சுமைக்காரர்கள். கீழே வண்டி உறுமிக்கொண்டிருந்தது. நான் எழவில்லை. படுத்த இடத்திலிருந்தே கழுத்தை நீட்டிச் சீறினேன். சுமைக்காரர்கள் படியில் நாலைந்து இறங்கிவிட்டார்கள்.

"நல்லா வந்திருக்கு சார்" என்றார் வேலாயுதப் பெருமாள், காதைத் தேய்த்தபடி. "பயிற்சி தேவைன்னு எழுதினதை அடிச்சிரச் சொல்லுதேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். எண்ணினார். "அவங்க ஒண்ணு. குஞ்சு நாலு. முட்டை ஒண்ணு. நீங்க ஒண்ணு. சுவர்ப் பக்கம் காலி இல்ல." எழுதிக்கொண்டார். மேட்டுக்கு இந்தப் பக்கம் திரும்பினார். என் பள்ளத்தில் கை வைத்துப் பார்த்தார். "இது முப்பது நாளாக் காலி. சில்லுன்னு கிடக்கு."

"அது என்னுது" என்றேன்.

"அப்போ உங்களுதைத்தான் எடுக்கணும். ஆட்சேபணை உண்டா?"

யோசித்தேன். பாதிக் கட்டில். அலமாரியில் என் தட்டு. வாசலுக்குப் பக்கத்து ஜன்னல். எண்பது எட்டு நடை.

"இல்ல" என்றேன். "அந்தக் குடையை மட்டும் எடுத்துக்கிடுதேன்."

டேப்பை விரித்தார். நெற்றி சுருங்கியது.

"சார், காணாமப் போன ரெண்டு அங்குலம் இங்க இருக்கு. உங்க பாதி மூணடி ரெண்டு அங்குலம் வருது. எப்படி இந்தப் பக்கம் வந்தது?"

"அவ தள்ளிப் படுத்தா."

"எழுதிக்கிடலாமா?"

"எழுதுங்க."

'காணவில்லை' என்பதை அடித்தார். 'தள்ளிப் படுத்தார்' என்று எழுதினார். "அப்போ இந்த ரெண்டு அங்குலம் அவங்களுது. விட்டுட்டு எடுக்கேன்" என்று சாக்பீஸால் கோடு போட்டார்.

கோடு போடுவதற்காக அவர் முட்டி போட்டுக் குனிந்திருந்தார். அப்போது என் வயிற்றுக்கு எதிரே ஐந்தாவது முட்டை ஒரு முறை தட்டியது. உள்ளிருந்து. நான் மூச்சு விடவில்லை. மறுபடி தட்டியது. ஓடு இரண்டாகப் பிளந்தது. தலை வெளியே வந்தது. அது முதலில் பார்த்தது வேலாயுதப் பெருமாளின் முகத்தை.

"வணக்கம்" என்றார் அவர்.

பிறகு நடந்தது சுலபமான வேலை. என் பாதியைப் பிரித்தார்கள். கட்டில் கோட்டோடு பிரிந்து வந்தது. என் தலையணை, என் ஜன்னல், கூரையில் என் பக்கம், அந்த நீண்ட நடை. நடையைச் சுருட்டி எடுக்கத்தான் நேரமானது. படியில் இறங்கும்போது பிரமு அக்கா வழிகாட்டினாள். "வளைவுல தூக்கிப் பிடிங்க! சுவரை இடிச்சிராதீங்க!" என் பாதி இருந்த இடத்தில் வெயில் வந்து நின்றது. குளியலறை இப்போது இரண்டு எட்டில் இருந்தது.

வேலாயுதப் பெருமாள் கிளம்பினார். ஐந்தாவது அவர் பின்னால் கிளம்பியது. காயக்கூட இல்லை. அவர் ஒரு படி இறங்கினார். அது ஒரு படி உருண்டது. அவர் நின்றார். அதுவும் நின்றது.

"சார், இது என்னை விட மாட்டேங்குது."

"உங்களைத்தான் முதல்ல பாத்தது."

"எனக்கு இதுல அனுபவம் இல்ல சார்."

"பதியணும்" என்றேன். "ஒம்பதாம் எண்ணுல என்ன எழுதணும்னு கையே சொல்லும்."

அதைச் சட்டைப்பையில் போட்டு மேலே கொண்டுவந்தார். வாத்தின் சிறகுக்குள் விட்டார். தினமும் பதினோரு மணிக்கு வந்து ஒரு நடை நடந்து காட்டிவிட்டுப் போவதாக எழுதிக்கொடுத்தார். போகும்போது பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். அங்கே ஒரு மஞ்சள் இறகு ஒட்டியிருந்தது. துடைக்கவில்லை.

மதியம் வாத்து குளிக்கப் போனது. ஐந்தும் வரிசையாகப் பின்னால் போயின. கடைசியில் நான். தொட்டியில் நீர் நிறைந்திருந்தது. ஆவுடையப்பன் சார் கூடுதலாக அரை மணி ஓடியிருந்தார். எல்லோரும் குளித்தோம். துவட்டிக்கொள்ளாமல் வந்து படுத்தேன்.

இப்போது மூன்றடி சரியாக இருந்தது. சுவர்ப் பக்கம் வாத்து. சிறகுக்குள் குஞ்சுகள். வெயில் பக்கம் நான். தூங்குவது என்று முடிவாயிற்று.

ஐந்தாவது தூக்கத்தில் ஏதோ சொன்னது. சரியாகக் கேட்கவில்லை. பென்சிலைத் தேடி எடுத்தேன். கீழ்வரிக்கு அடியில் இடம் இல்லை. மேலே, மார்ச் நாலுக்கு மேல், ஒரு சாண் சுவர் வெறுமையாக இருந்தது. தேதியை எழுதிவிட்டுக் காத்திருந்தேன்.

அது இன்னொரு முறை சொன்னது. எழுதிக்கொண்டேன்.